கிளைச்சாவி

துறைமுகத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் சனிக்கிழமை ஒரே வேலைதான். சாப்பாட்டுக்கூடத்தை ஒட்டிய பெரிய அறையில் ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு அட்டைப்பெட்டி, ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவர். பெட்டிக்குள் மதர்போர்டு, பிராசசர், மெமரி, டிஸ்க், மின்விசிறி, ஒரு கட்டு வயர். அவரவர் கணினியை அவரவர் கையாலேயே இணைத்துப் பூட்ட வேண்டும். அடுத்தவர் கைபட்ட கணினியை இப்போது யாரும் நம்புவதில்லை. கடையில் முழுசாகவே கணினி விற்றார்கள், முன்பின் தெரியாதவனிடம் வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பியூலா காலையிலேயே பூட்டி முடித்துவிட்டாள். தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருந்து நார்வேயின் வடகோடிக்கு, கடலுக்கடியில் கிடக்கும் மீன்கூண்டுகளின் கேமராக்களைக் கவனிக்கிற வேலைக்கு வந்தவள். கணினி பூட்டுவதெல்லாம் அவளுக்குப் புதிதில்லை. சுற்றியிருந்த மேசைகளில் ஒவ்வொன்றாகத் திரை எரிந்து, ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். அவளுடையது மட்டும் விசிறியைச் சுழற்றியது, கம்பெனிப் படத்தைக் காட்டியது, பிறகு கறுத்துப்போய் ஒரே ஒரு வரியை எழுதிவிட்டு நின்றது. 'தொடக்கம் நிறுத்தப்பட்டது.'

மெமரியைக் கழற்றி ஊதித் திரும்பச் செருகினாள். டிஸ்க்கின் வயரை மாற்றினாள். எதிலிருந்து முதலில் தொடங்க வேண்டும் என்ற வரிசையைத் திருத்தினாள். லினக்ஸை இரண்டாம் தடவையும் நிறுவிப் பார்த்தாள். அதே விசிறி, அதே படம், அதே கறுப்பு.

மேசை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசி அடித்தது. அம்மா.

"ஏட்டி, மிசினு எந்திரிச்சிருச்சா?"

"இன்னும் இல்லம்மா. கம்பெனி படம் வருது, அப்புறம் கறுத்துப் போவுது."

"படம் வருதுல்லா? அப்போ பாதி வந்தாச்சு. நம்ம டிவிக்கு அதுகூட வராது, தட்டணும். தட்டிப் பாத்தியா?"

"எம்மா, இத தட்டப்பிடாது."

"மெதுவாத் தட்டுட்டி. படிச்சவன்னு பாத்துக்கிட்டே இருந்தா அதுவா எந்திரிக்குமா?"

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா ஞானசௌந்தரியின் குரலில் அந்த வாரம் முழுக்க ஒரு தனிக் கலகலப்பு. மகளை அனுப்புவதற்கு முன் நாள்கணக்கில் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தவர், விமான நிலையத்தில் அழுததோடு மாறிவிட்டார்.

"இங்க இன்னும் மஞ்ச வெளக்குதான் எரியுது" என்றார் அம்மா. "பச்சையா எப்ப வருவ?"

"சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். இன்னைக்கி சாயங்காலத்தோட இவங்க குடுத்த விருந்தாளிச் சாவி முடியுதும்மா. அதுக்குள்ள இது எந்திரிக்கணும்."

"எந்திரிக்கலன்னா?"

"எந்திரிக்கும், வையி."

வைத்த பிறகும் அந்தக் கேள்வி மேசைமேல் கிடந்தது. எழுந்திருக்கவில்லை என்றால், திங்கட்கிழமை வேலை இல்லை. அது கிடக்கட்டும், வேலையைப் பிறகு பார்க்கலாம். எழுந்திருக்கவில்லை என்றால் இன்று மாலைக்குப் பிறகு அவளுடைய குரல் எந்தச் சாவியும் இல்லாமல் வீட்டுக்குப் போகும். வீட்டு விளக்கில் சொந்தச் சாவிக்குப் பச்சை, விருந்தாளிச் சாவிக்கு மஞ்சள், சாவியில்லாத குரலுக்குச் சிவப்பு.

சாவிகள் வருவதற்கு முந்தைய காலத்தை அம்மாவின் தலைமுறை பொய்க்குரல் காலம் என்று சொல்லும். யாருடைய குரலையும், யாருடைய முகத்தையும், யாருடைய விக்கலையும்கூடச் செய்ய முடிந்த காலம். ரகசியக் கேள்வி கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தார்கள். வீட்டுக்குள் பேசியதையெல்லாம் ஏற்கனவே கேட்டு வைத்திருந்த இயந்திரங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பியூலாவின் வீட்டுக்கும் ஒரு தடவை அது வந்தது. அண்ணன் ஆமோசின் குரலில், பைக்கில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பதாக அழுதது. அம்மா வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஆமோஸ் இல்லை. திரும்பி வந்தபோது வீட்டில் கட்டிலும் இல்லை.

அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. வீட்டுக்கு ஒரு வேர்ச்சாவி, அது வீட்டுக்கணினிக்குள்ளும் சாவி ஆபீசிலும் இருக்கும். குடும்பத் தலைவர் அதன்மேல் கைவைத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கிளைச்சாவி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவரவர் கணினி எழுந்திருக்கும்போது முதல் வேலையாகக் கிளையைப் பார்க்கும், கிளை வழியாக வேரைப் பார்க்கும். இரண்டும் ஒட்டியிருந்தால்தான் லினக்ஸின் மையமான கருநிரல் முழுதாகக் கண்விழிக்கும். இல்லையென்றால் அது கணினியே இல்லை, பொய்க்குரலின் கூடு. அந்தக் கிளைச்சாவியைத்தான் நகத்தளவு துண்டாகப் பியூலா ஊரிலிருந்து கழுத்துச் செயினில் கோத்துக் கொண்டுவந்திருந்தாள். இப்போது அது கணினியின் முகப்பில் செருகிக் கிடந்தது.

"என்ன பிள்ளை, உம்மட பெட்டி இன்னும் எழும்பேல்லையோ?"

தர்ஷிகா. அந்த அறைக்குப் பொறுப்பாளர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே மீன் வெட்ட வந்த குடும்பம். பியூலாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். கையில் காபிக் கோப்பை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேங்க்கா. மறுபடி நிறுவியும் பாத்தாச்சு."

"ஏன் நிறுவினனீர்? இந்தியாவில எல்லாருக்கும் இதே வியாதி. கால் நோகுதெண்டாலும் வீட்டை இடிச்சுக் கட்டுறது." கோப்பையை வைத்துவிட்டு விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். "முதல்ல இதை வாய் திறக்கப் பண்ணுவம். படத்தைக் காட்டி எல்லாத்தையும் மறைக்குது."

கணினியை எழுப்பிவிடும் தொடக்கி நிரலை நடுவழியில் நிறுத்தி, அதில் 'அமைதி' என்றிருந்த சொல்லை அழித்தாள். இந்தத் தடவை படம் வரவில்லை. வெள்ளை எழுத்துகள் ஓடின. டிஸ்க் சரி. மெமரி சரி. கருநிரல் சரி. கடைசியில் ஒரு வரி: 'கிளைச்சாவி இன்னும் பிறக்கவில்லை.'

பியூலா முகப்பில் செருகியிருந்த சாவித்துண்டைத் தொட்டுப் பார்த்தாள். தர்ஷிகாவோ சிரித்துவிட்டாள்.

"திகதியைப் பாரும். உம்மட பெட்டி இன்னும் பத்து வருசத்துக்கு முன்னால நிக்குது. அந்தக் காலத்தில உமக்குச் சாவி எங்கால?"

மதர்போர்டில் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று உண்டு. கரன்ட் இல்லாதபோதும் கணினிக்கு நாளும் நேரமும் மறக்காமல் இருப்பது அதனால்தான். பெட்டியில் வந்த பேட்டரி செத்துக்கிடந்தது. இவ்வளவுதானா! இதற்குப் போய்க் காலையிலிருந்து உயிரை விட்டேனா! பியூலா புதுப் பேட்டரியை அழுத்திச் செருகினாள். தர்ஷிகா தேதியைச் சரிசெய்து, நெட்வொர்க் வயரையும் மாட்டச் சொன்னாள்.

"இப்ப சரியான நேரத்தை அது தானே கேட்டு எடுக்கும். ம், அமத்தும்."

பொத்தானை அழுத்தினாள். எழுத்துகள் ஓடின. இதுவரை தாண்டாத இடத்தைத் தாண்டி ஓடின. திரையின் மூலையில் லினக்ஸின் அந்தக் குண்டுப் பென்குவின்கூட எட்டிப்பார்த்துவிட்டது. பியூலா கைதட்டினாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

எழுத்துகள் நின்றன.

'கிளைச்சாவி: ரத்து. ரத்து செய்தது: வேர்.'

தர்ஷிகா திரையை நெருங்கிக் குனிந்தாள். காபிக் கோப்பையை எடுத்தாள், குடிக்காமல் திரும்ப வைத்தாள்.

"இதுவும் பேட்டரியாக்கா?"

"இல்லை." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பிள்ளை, வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"இல்லையே. ஏன்?"

"இதைப் பெட்டி சொல்லேல்லை. உம்மட வீடு சொல்லுது. முதல்ல நேரம் பிழையா இருந்தபடியா பெட்டி வீட்டைக் கேக்கேல்லை. இப்ப நேரம் சரி. கேட்டது. வீடு சொல்லிப்போட்டுது, இவ எங்கட பிள்ளை இல்லையெண்டு." அவள் குரல் தாழ்ந்தது. "இந்த வரியை நான் இங்க முந்தி ஒருக்காத்தான் கண்டிருக்கிறன். ஒரு பெடியனை வீட்டு ஆக்கள் குடும்பத்தில இருந்தே வெட்டி விட்டவை. கலியாணப் பிரச்சினை."

பியூலா அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு எழுந்து நின்றாள். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தாள். வேரின்மேல் கைவைக்க உரிமை உள்ளவர் ஒருவர்தான். அப்பா இறந்த பிறகு அது அம்மாவின் கை. அம்மா பேசாமல் இருந்த அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. சோற்றைத் தட்டில் போட்டுத் தரையில் 'ணங்' என்று வைத்துவிட்டுப் போன நாட்கள். அந்தக் கோபம் போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தாள்? இந்த வாரம் முழுக்கச் சிரித்ததெல்லாம்?

அம்மாவை அழைத்தாள்.

"என்னட்டி, எந்திரிச்சிருச்சா?"

"எம்மா, வீட்டுக்கணினியில நீ ஏதாவது செஞ்சியா? என் சாவிய?"

"அடிப்பாவி, அதுக்குள்ள தெரிஞ்சிருச்சா? நீ பச்சையா வந்தப்புறம் சொல்லலாம்னுல்லா இருந்தேன்!" அம்மா சிரித்தார். "நாந்தான் எடுத்தேன். செவ்வாக்கெழம சாவி ஆபீசுக்குப் போயி, வரிசையில நின்னு, ஒம் பேர எடுத்துட்டு வந்தேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? இங்க எடுத்தாத்தானட்டி அங்க சேப்பான்! ஒங்க ரோசிச் சித்தி கல்யாணமாயி நாசரேத்துக்குப் போனப்போ என்ன பாடு பட்டோம்? இங்க ரேசன் கார்டுல பேரு கெடக்கு, அங்க போயி சேக்கச் சொன்னா, ரெண்டு எடத்துல இருக்கப்பிடாதுன்னு வெரட்டி விட்டுட்டான். பேரு நீக்குனதுக்கு சீட்டு கொண்டாங்கான். அவ கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு எத்தன தடவ அலைஞ்சா! எம்மவ அந்தக் குளிருல அப்பிடி அலையப்பிடாதுன்னுதான், நீ கேக்க முன்னாடியே நானே போயி முடிச்சுட்டு வந்தேன்."

பியூலா வாயைத் திறந்தாள். அம்மா விடவில்லை.

"அந்த ஆபீசுல ஒருத்தி இருக்கா பாரு, மூணு தடவ கேட்டா. நெசமாவே எடுக்கணுமாம்மா, நெசமாவே எடுக்கணுமாம்மான்னு. மூணு தடவையும் ஆமான்னு சொன்னேன். கைய அழுத்தி வச்சேன். நம்மள ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சிருப்பா போல." பெருமை பொங்கியது அம்மாவின் குரலில். "இப்ப அங்க சேத்துட்டாங்களா?"

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே, அந்த நொடியிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரலின் சந்தோஷத்தை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. எப்படியும் இதற்கு ஒரு வழி இருக்கும், சரிசெய்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது.

"சேத்துக்கிட்டிருக்காங்கம்மா" என்றாள். "நல்ல காரியம் பண்ணுன."

"பண்ணுவேன்லா பின்ன! வையி, வேலையப் பாரு. பச்சையா வா."

கைப்பேசியை மேசையில் வைத்தபோது தர்ஷிகா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

"ஐயோ கடவுளே. ரேசன் கார்ட் எண்டு நினைச்சிட்டா."

"திருப்பிச் சேத்துரலாம்லாக்கா? அம்மா மறுபடி ஆபீசுக்குப் போயி கை வச்சா?"

"ஏலாது பிள்ளை. ரத்தெண்டா ரத்துத்தான். திரும்ப உயிர் குடுக்கலாம் எண்டால் பொய்க்குரலுகள் எல்லாம் அந்த வாசலாலதான் வந்திருக்கும். அதுதான் அந்த வாசலே வைக்கேல்லை." அவள் சொல்லச் சொல்லப் பியூலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புதுக் கிளை எடுக்கலாம். ஆனா நீர் நேரில போய், அம்மாவும் நீரும் ஒரே நேரத்தில வேரில கை வைக்கோணும். ஒரு நிமிச வேலை."

"அப்ப போயிட்டு வந்துர்றேன்."

"எதில? சாவியில்லாமல் பிளேன் ஏற விடுவினமோ? படகில கூட ஏத்தமாட்டினம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "தனிச்சாவிக்கு எழுதிப் போடலாம். வீடு இல்லாத ஆக்களுக்குக் குடுக்கிறது. அடுத்த கோடைக்குள்ள வரும். அதுவரைக்கும் இங்க சமையல்கட்டில ஏதும் வேலை பாத்துத் தாறன்."

வீடு இல்லாதவர்கள். பியூலா தலையை ஆட்டிக்கொண்டே மறுபடி விசைப்பலகையை எடுத்தாள். சாவி கேட்கும் இடத்தையே தாண்டிப்போக வழியிருக்கும் என்று தோன்றியது. தொடக்கியில் ஒவ்வொரு சொல்லாக மாற்றினாள். பழைய கருநிரலைப் போட்டுப் பார்த்தாள். சாவித்துண்டைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினாள். தேதியைப் பின்னால் தள்ளி, வயரைப் பிடுங்கிவிட்டு, போன வாரத்துக் கணினியாகவே அதை ஏமாற்றப் பார்த்தாள். வேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அது மறப்பதாக இல்லை. ஒவ்வொரு தடவையும் விசிறி சுழன்றது, எழுத்து ஓடியது, 'ரத்து' என்று நின்றது. போதும் பிள்ளை என்று தர்ஷிகா தோளைத் தொட்டது தெரிந்தது. இன்னும் ஒண்ணே ஒண்ணுக்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கூடம் மூடுகிற மணி அடித்ததும்தான் நிமிர்ந்தாள். கைப்பேசியின் மூலையில் விருந்தாளிச் சாவியின் மஞ்சள் புள்ளி அணைந்திருந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லையே.

பாய்ந்து அழைத்தாள். மறுமுனையில் எடுத்தார்கள். ஆனால் முதலில் வந்தது அம்மாவின் குரல் இல்லை, வீட்டுக்கணினியின் குரல். 'எச்சரிக்கை. இந்தக் குரல் இந்த வீட்டைச் சேர்ந்ததல்ல.' ஃபிரிட்ஜின்மேல் இருக்கும் அதன் சிவப்பு விளக்கு இந்நேரம் சுவரெல்லாம் சிவப்பாக அடித்துக்கொண்டிருக்கும்.

"எம்மா, நாந்தான். வச்சிராத. சிவப்பாத்தான் காட்டும், பயப்படாத."

மூச்சு மட்டும் கேட்டது.

"என் சாவி ரத்தாயிருச்சும்மா. நீ எடுத்தேல்லா, அதனாலதான். இது ரேசன் கார்டு மாதிரி இல்லம்மா, இங்க எடுத்தா எங்கயுமே இருக்காது. ஆனா ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன், நீ ஒண்ணு மட்டும் கேளு..."

"யாரு நீ?"

"பியூலாம்மா."

"எம்மவ இப்பத்தான் பேசிட்டு வச்சா. அங்க சேத்துக்கிட்டிருக்காங்கன்னு சொன்னா. நல்ல காரியம் பண்ணுனம்மான்னு சொன்னா. நீ வந்து சாவி போச்சுன்னு சொல்லுத."

"அது நான் பொய் சொன்னேம்மா! நீ வருத்தப்படுவேன்னு பொய் சொன்னேன்."

"எம்மவ எங்கிட்ட பொய் சொல்ல மாட்டா."

பியூலா அழத் தொடங்கினாள். ஏதாவது சொல்ல வேண்டும், தனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது. எட்டாம் வகுப்பில் பெயிலானதை அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா மறைத்ததைச் சொன்னாள். விமான நிலையத்தில் யாரும் பார்க்காதபோது அம்மா தன் கைப்பைக்குள் ஒளித்துவைத்த கருவாட்டுப் பொட்டலத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தனக்கே கேட்டது, இது எவ்வளவு நன்றாகச் செய்த பொய்க்குரல் என்று.

"எல்லாந்தான் தெரிஞ்சு வச்சிருப்பிய" என்றார் அம்மா. குரல் நடுங்கியது, ஆனால் உடையவில்லை. "ஆமோசு கொரல்லயும் இப்பிடித்தான் சொன்னிய. எம்புள்ள கொரல எங்கயிருந்து எடுத்தியளோ, அத எடுத்த எடத்துல கொண்டு வச்சிருங்க. நல்லாருப்பிய."

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். மணியே போகவில்லை. சிவப்பை ஒரு தடவை துண்டித்துவிட்டால் அந்த எண்ணை வீடு பிறகு உள்ளேயே விடாது.

கூடத்தில் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்த தர்ஷிகா, கடைசி விளக்கை மட்டும் அணைக்காமல் நின்றாள். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே மாலை என்று சொல்லவே முடியாத வெளிச்சம். இந்த ஊரில் இந்தப் பருவத்தில் இருட்டாது.

கைப்பேசி அதிர்ந்தது. பேசத்தான் சாவி வேண்டும், கேட்பதற்கு வேண்டாம். அம்மா குரல்செய்தி அனுப்பியிருந்தார். பியூலா காதோடு வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி பியூலா, அம்மா பேசுதேன். இங்க ஒரு பொய்க்குரலு வந்துச்சு, இப்பத்தான் வச்சேன். ஒங் கொரலேதான், அச்சு அசலு. ஒனக்குச் சாவி போச்சுன்னு சொல்லுது. அழுதப்போ எனக்கு அப்பிடியே ஈரக்கொலையெல்லாம் கலங்கிருச்சுட்டி. ஒரு நிமிசம் 'எம்மக்ளே'ன்னு கூப்புட்டுருவமோன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. வாயப் பொத்திக்கிட்டேன். ஆமோசுக்கு ஏமாந்தது மாதிரி இல்ல இப்ப, நான் தேறிட்டேன். நீயும் சூதானமா இரு, எங்கொரல்ல ஏதாவது வந்து அழுதா நம்பிராத. எத்தன நாளானாலும் நீ பச்சையா வந்தப்புறம் பேசுவோம். அதுவரைக்கும் எது வந்தாலும், யாரு பேர்ல வந்தாலும் நான் எடுக்க மாட்டேன். நீ பயப்படாத, என்ன?"

செய்தி முடிந்தது. அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அம்மா என்னவாம்?" என்று கேட்டாள் தர்ஷிகா.

"ஏமாறலையாம்க்கா" என்றாள் பியூலா.